அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும்

துபாய்

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானுக்கு ஏரியில் இறால் படுகிறதா? முகத்துவாரம் மறுபடியும் தூர்ந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். இங்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் மீன் வாங்க ஏசி கடையில் டோக்கன் எடுக்க வேண்டும். மடவை என்று கேட்டால் கடைப்பையன் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறான்.

போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அம்மா கேட்டுவிடுவாள். அதனால்தான் கடிதம். பெண் பார்த்துவிட்டேன். நர்ஸ். ஊர் நாகர்கோவில் பக்கம். பெந்தெகொஸ்தே.

உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி.

இங்கே ஊத் மேத்தாவில் நம் புனித மரியாள் ஆலயமும் ஹோலி டிரினிட்டி சர்ச்சும் அடுத்தடுத்து இருக்கின்றன. நமக்குத் தமிழ்ப் பூசை உண்டு. டிரினிட்டி வளாகத்தில் பல மொழிச் சபைகள் இருக்கிற மண்டபங்களையே நேரம் பிரித்துக்கொள்கின்றன. நம் ஏரியில் மீன்பிடிக்க முறைவைத்துப் பாடு போகிறார்களே, அப்படி. அங்கே அவள் சபையில் அந்நியபாஷை உச்சத்துக்குப் போகும்போது, அடுத்த சபைக்காரர்கள் கிடாரோடு வாசலில் வந்து நிற்பார்கள். பரிசுத்த ஆவியும் மணி பார்க்க வேண்டிய ஊர் இது.

அவள் காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் கிடையாது. தேரா தங்கச் சந்தை வழியாகப் போனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரூமில் இதைச் சொன்னேன். அவளுக்குத் தங்கை இருக்கிறாளா என்று விசாரிக்கிறார்கள்.

இங்கே நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதியபோது அவள் உபவாசம் இருந்தாள், நான் மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றினேன். பாஸாகிவிட்டாள். யார் கணக்கில் வரவு வைப்பது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஒருநாள் பஸ்ஸில் என் ஜெபமாலை அறுந்துபோயிற்று. சீட்டுக்கு அடியில் குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கியவள் அவள்தான். என் கையில் கொட்டிவிட்டு, "எண்ணாமலும் ஜெபிக்கலாம்" என்றாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், அக்கா.

வேறு சபைக்காரியா என்று அம்மா கத்துவாள். நம் ஊர்க் கதையைச் சொல். மகிமை மாதா கோயில் 1515இல் போர்ச்சுகீசியர் கட்டியது. பிறகு வந்த டச்சுக்காரர் வேறு சபை. 1612இல் போர்ச்சுகீசியர் போய் டச்சுக்காரர் கிடங்கை அடித்து நொறுக்க, மறு வருஷமே டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நானும் அவளும் அந்த அளவுக்குச் சண்டை போடவில்லை.

கல்யாணத்துக்காக அவள் சபை மாற வேண்டியதில்லை. ஆயர் அனுமதி வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும், அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். "பிள்ளை முதலில் அல்லேலூயாதான் சொல்லும்" என்கிறாள்.

தாலிதான் சிக்கல். அவள் கட்டிக்கொள்ள மாட்டாள். திருச்சபைச் சட்டப்படி இருவரும் சம்மதம் சொல்வதுதான் கல்யாணம், தாலி நம் வழக்கம். இதை அம்மா மீன் விற்றுக் காசு எண்ணி முடித்த நேரமாகப் பார்த்துச் சொல்.

ஃபாதரிடம் என் ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எழுதி வாங்கு. டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழையது ஆகாது. ஆறு மாதத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். உடனே தபாலில் அனுப்பு.

அன்புத் தம்பி