சமத்துவம் வந்துவிட்டதென்று ஓர் அரசாணை வேண்டும்

பெறுநர்: மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறை, கேரள அரசு, திருவனந்தபுரம்.

பொருள்: ஆண் பெண் சமத்துவம் முழுமையாக எட்டப்பட்டுவிட்டது என அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி உங்கள் மாநிலத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1084 பெண்கள். பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பஞ்சாயத்துகளில் பாதி இடம் பெண்களுக்கென்று சட்டமே ஒதுக்கிவிட்டது. இத்தனைக்கும் பிறகு ‘சமத்துவம் வந்ததா’ என்று மேடைக்கு மேடை பட்டிமன்றம் நடப்பது வீண் செலவு. வந்துவிட்டது என்று ஓர் அரசாணை போட்டு முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆணையைச் சின்னக்கானல் பஞ்சாயத்தில், தேயிலைத் தோட்ட ஊரான சூரியநெல்லியில் கொண்டுபோய் ஒட்டும்போது நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். அவற்றுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ள உதவியாகவே இந்தக் கடிதம்.

முதலில் கூலி. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. தேயிலைத் தோட்டத்தில் அதை மீற வேண்டிய அவசியமே எழவில்லை. ஒரே வேலையை இருவருக்கும் கொடுத்தால்தானே மீறுவதற்கு? பெட்டி பொருத்திய கத்தரியைப் பிடித்துக்கொண்டு, சரிவில் கால் ஊன்றி, அட்டைக்கடியோடும் மழையோடும் கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் பெண். சாக்கைத் தராசில் மாட்டி, நனைந்திருக்கிறது, முற்றியிருக்கிறது என்று கழிவு பிடித்துக் கணக்கில் எழுதுவது பெரும்பாலும் ஆண். அந்தக் கணக்கை வைத்துக் கம்பெனியிடம் பேசப் போகும் தொழிற்சங்கத் தலைவரும் ஆண். வேலை இப்படி ஒழுங்காகப் பிரிந்திருப்பதால் சம்பளப் பட்டியலில் பாகுபாடு தெரியவே தெரியாது. கொழுந்தின் எடை கிராம் சுத்தமாகப் பதிவாகும். அதை வெட்டியவள் என்ன சொல்கிறாள் என்பதற்கு அந்தப் பேரேட்டில் பத்தி கிடையாது.

சொல்ல வந்தால் என்ன ஆகும் என்பதை 2015 செப்டம்பரில் பக்கத்து மூணாறு காட்டியது. கண்ணன் தேவன் கம்பெனியில் முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு ஊழியர்கள் கையில்தான் இருக்கிறது என்பது இங்கே ஒரு சிறு வேடிக்கை: முதலாளிகளே தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஒற்றை அறையில் குடியிருக்கும் அதிசயம் வேறெங்கும் காணக் கிடைக்காது. ஆயிரக்கணக்கான பெண்கள் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். கம்பெனிமீது இருந்த கோபத்துக்குச் சற்றும் குறையாத கோபம் சங்கங்கள்மீது இருந்தது. தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை, தேவிகுளம் எம்.எல்.ஏ.வையே திருப்பி அனுப்பினார்கள். தங்களுக்குப் ‘பெண்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள்: 8.33 போனஸ், மீதி 11.67 கருணைத்தொகை. உரிமையாகக் கேட்டதில் பாதிக்குமேல் கருணையாகக் கிடைத்தது என்பதையும் உங்கள் சாதனைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்துக் கூலி. அது முத்தரப்புக் குழுவின் மேசைக்குப் போனது. 500 ரூபாய் கேட்டது 301-ல் முடிந்தது.

‘சங்கங்களை இப்படிப் பழிக்கலாமா? தோட்டத்தில் பிரசவ விடுப்பும், குழந்தைகள் காப்பகமும், ஆஸ்பத்திரியும் அவர்கள் போராடிப் பெற்றவையல்லவா?’ என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரச் செங்கொடியும் மற்றக் கொடிகளும் பட்ட பாட்டை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் ஒருத்திக்காகப் பேசுவது வேறு, அவளைப் பேசவிடுவது வேறு. முதலாவதை அறுபது வருஷம் நன்றாகச் செய்தவர்களுக்கு இரண்டாவது ஏன் கைவரவில்லை என்பதுதான் கேள்வி. இன்னொருவர் வேறு மாதிரி கேட்பார்: ‘அந்தப் பெண்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? ஒரு வருஷம் ஆவதற்குள் போராட்டத்தை நடத்திய லிசி சன்னி ஒரு பக்கம், கோமதி ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டார்களே.’ பிரிந்தார்கள், உண்மை. தொழிற்சங்கங்களிலும் ஏ.ஐ.டி.யு.சி.யிலிருந்து 1947-ல் ஐ.என்.டி.யு.சி. பிரிந்தது, 1970-ல் சி.ஐ.டி.யு. பிரிந்தது. ஆண்களுக்குச் சங்கம் நடத்தத் தெரியாது என்று அன்றைக்கு யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ஆண்கள் பிரிந்தால் அது கொள்கை வேறுபாடு. பெண்கள் பிரிந்தால் குழாயடிச் சண்டை. 2017-ல் மாநில அமைச்சர் எம்.எம். மணி அந்தப் போராட்டப் பெண்களைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசிய பேச்சை இங்கே எடுத்தெழுதக் கூசுகிறது. பிறகு வருத்தம் தெரிவித்தார். கூலி உயர்வு கேட்ட ஆண்களின் ஒழுக்கத்தை எந்த மேடையிலாவது யாராவது அலசியதுண்டா என்று உங்கள் ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்கவும்.

இதுவரை கேலி. அடுத்த பத்தியைக் கேலியாக எழுத முடியாது. 1996 ஜனவரியில் சூரியநெல்லியைச் சேர்ந்த பதினாறு வயது மாணவி கடத்தப்பட்டு, நாற்பது நாள் ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டு, பலரால் வன்கொடுமைக்கு ஆளானார். 2000-ல் தனி நீதிமன்றம் 35 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2005-ல் உயர் நீதிமன்றம் ஒருவரைத் தவிர மற்றவர்களை விடுவித்தது. அவர் ஏன் தப்பி ஓடவில்லை என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் பெரிதாக நின்றது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் எட்டு வருஷம் கிடந்தது. 2012 டிசம்பரில் டெல்லி மாணவிக்கு நேர்ந்த கூட்டு வன்கொடுமையைக் கண்டித்துத் தெருவெல்லாம் கொதித்த பிறகு, 2013 ஜனவரி 31 அன்று விடுதலை ரத்தானது. 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 24 பேரின் தண்டனையை உறுதி செய்தது. கடைசியில் நீதி கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது. ஒரு பெண் சொன்னதை நம்பலாமா என்று முடிவுசெய்ய நாடு பதினெட்டு வருஷம் எடுத்துக்கொண்டது. தராசடியில் நடப்பதும் நீதிமன்றத்தில் நடந்ததும் ஒன்றென்று சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் பெண்ணின் சொல்லுக்குத் தனி எடை இல்லை. வேறு யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் பெருமைக்குரிய ஐம்பது சதவீதம். சட்டம் கட்டாயப்படுத்திய பஞ்சாயத்தில் பாதிக்குப் பாதி பெண்கள் வந்தார்கள், நிர்வாகமும் செய்கிறார்கள். திறமை இல்லை என்ற சாக்கு அதோடு செத்துவிட்டது. கட்சிகள் தம் விருப்பப்படி ஆளை நிறுத்தும் சட்டமன்றத்தில், 2021 தேர்தலில் 140 பேரில் 11 பேர் பெண்கள். அதாவது கட்டாயம் இருக்கும் இடத்தில் ஐம்பது, மனமுவந்து கொடுக்கும் இடத்தில் எட்டு. நாடாளுமன்றம் 2023-ல் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டை நிறைவேற்றி, மக்கள்தொகைக் கணக்கும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு அமலாகும் என்று அதிலேயே எழுதியும் வைத்தது. இத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று மறுபடி எண்ணி முடிக்காமல் இடம் கொடுக்க முடியாதாம்.

ஆகவே, ஆணையை வெளியிடும் முன் ஒரு சின்னத் திருத்தம். அடுத்த தோட்டக் கூலிப் பேச்சுவார்த்தைக்கு எல்லாத் தரப்பும் அனுப்பும் பிரதிநிதிகள் பட்டியலில், கொழுந்து வெட்டுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று இரண்டு பத்தி சேர்த்து, அந்தத் தாளைத் தமிழிலும் அச்சடித்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். அரசாணையை அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் புள்ளிவிவரங்களின் நிரந்தர வாசகர்.