அட்டவணையில் இல்லாத நிறுத்தம்

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
தென்மாவட்டங்களுக்கு இரவுதோறும் ஏசி ஸ்லீப்பர் பேருந்து விடும் நிறுவனம்,
சென்னை.
(பெயர் எழுதவில்லை. தங்களிடம் வக்கீல் இருக்கிறார்; என்னிடம் கல்தான் இருக்கிறது.)

பொருள்: திருமாந்துறை சுங்கச்சாவடியில் தங்கள் பேருந்து நின்றது குறித்துப் பயணியின் விளக்கம்.

ஐயா,

சென்ற வெள்ளி இரவு கிளாம்பாக்கத்திலிருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பிய தங்கள் வண்டி அட்டவணையில் இல்லாத இடத்தில் நின்றதையும், ஜிபிஎஸ் அதைக் காட்டிக்கொடுத்ததையும், அதற்காக ஓட்டுநரிடம் விளக்கம் கேட்டிருப்பதையும் அறிந்தேன். அவரை விட்டுவிடுங்கள். வண்டியை நிறுத்தியது என் இடப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து புறப்பட்டுப் பாதி வழியில் சிக்கிக்கொண்ட ஆறு மில்லிமீட்டர் கல். அதற்கு டிக்கெட் எடுக்கவில்லை. லக்கேஜ் கட்டணம் உண்டென்றால் தெரிவிக்கவும்.

ஆனால் பில் போடும் முன் ஒன்று. அந்தக் கல்லில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது.

கால்சியமும் ஆக்ஸலேட்டும் எல்லார் சிறுநீரிலும் கரைந்துதான் போகின்றன. தண்ணீர் குறைந்து சிறுநீர் கெட்டியானால் அவை படிகமாகும், படிகம் கல்லாகும். ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. அதனால் கல் வந்தவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் பத்தியம், நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பது. குடித்துவிடலாம் ஐயா. போவது எங்கே?

வாரக் கடைசியில் ஊருக்குப் போகும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்திவிடுவோம். மாத்திரை போட ஒரு மடக்கு, அவ்வளவுதான். காபி கிடையாது, மோர் கிடையாது, தர்பூசணி கிடையவே கிடையாது. ஏகாதசிக்குக்கூட இவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததில்லை. இந்த விரதம் தெரியாமல், நாங்கள் ஏறியவுடன் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இலவசமாக நீட்டுகிறீர்கள். அது மூடி திறக்காமலே திருநெல்வேலி வந்து சேர்கிறது. ஏசியையோ ஆவின் பூத்தில் பால் வைக்கும் குளிரில் வைக்கிறீர்கள். குளிரில் சிறுநீர் அதிகம் ஊறும் என்பது தங்கள் மெக்கானிக்குக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நிறுத்தமே இல்லையா என்றால், இருக்கிறது. விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு மோட்டலில். பரோட்டா விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவு, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, வெளியே மூன்று பஸ் கூட்டம். வரிசை பாதி நகர்வதற்குள் கிளீனர் ஹாரன் அடிக்கச் சொல்லிவிடுவார். அதற்குப்பின் விடியும்வரை வண்டி நிற்பது டீக்கு மட்டும். அங்கே ஆண்கள் இறங்கி இருட்டுக்குள் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்குத் தமிழ்நாடு முழுக்க வேலியோரம் உண்டு. முன்பெல்லாம் டோல்கேட் வரிசையாவது கைகொடுத்தது. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானதும் அந்த ஐந்து நிமிடமும் போயிற்று. நாடு வேகமாக முன்னேறியது; அடக்கிக்கொண்டிருந்தவள் அடக்கிக்கொண்டே முன்னேறினேன்.

அன்று வேப்பூர் தாண்டியதும் விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அது அடிவயிற்றுக்கு இறங்கியது, வாந்தி வந்தது. நான் இரண்டு பெற்றவள். அந்த வலியில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் வைய வேண்டியவரை வைய மூச்சு இருந்தது. இதில் அதுவும் இல்லை. கல்லடைப்பு வந்தவரால் ஒரு நிலையில் இருக்க முடியாது. புரள வேண்டும், எழ வேண்டும், குனிய வேண்டும். தங்கள் மேல் படுக்கையிலோ நிமிர்ந்து உட்கார்ந்தாலே தலை கூரையில் இடிக்கும். 'பிற பயணிகளுக்கு இடையூறின்றி அமைதியாகப் பயணிக்கவும்' என்ற ஸ்டிக்கரை நெற்றிக்கு நேராக ஒட்டிய மகானுக்கு என் வணக்கம்.

பயணிகளைக் குறை சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்தில் வண்டி முழுக்க வைத்தியர்கள். ஒருவர் வாழைத்தண்டுச் சாறு என்றார், ஒருவர் சிறுபீளை, ஒரு பெரியம்மா நெருஞ்சில் கஷாயத்துக்குக் கை அளவு சொன்னார். எதிர்ப் படுக்கைத் தம்பி, "பீர் அடிச்சா இறங்கிரும்னு சொல்வாங்கக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டான். எல்லாமே காலையில் கிடைக்கக்கூடிய மருந்துகள்.

ஓட்டுநர் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. "எனக்கு ரெண்டு மட்டம் வந்துருக்கும்மா. படுக்காதீங்க, கம்பியப் பிடிச்சு நின்னுக்கிட்டே வாங்க, டோல்ல நிறுத்துறேன்" என்றார். வண்டி ஓட்டிக்கொண்டே கிளீனரிடம் 108-ஐப் போடச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை வண்டியை எடுக்கவில்லை. அவருக்கு இரண்டு முறை கல் வந்தது ஏன் என்று தாங்கள் கேட்டதுண்டா? இன்ஜின் சூடு, உட்கார்ந்தே கிடப்பது, நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பிடித்தம். அவரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். தங்கள் ஜிபிஎஸ்ஸில் அந்தச் சட்டம் ஏற்றப்படவில்லை போலும்.

பெரம்பலூரில் ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். வலி இறங்கியபோது, ஊசி போட்ட நர்ஸுக்குச் சொத்தில் பாதி எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. நல்லவேளை, பத்திரம் கையில் இல்லை.

படுத்திருந்தபோது ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனம் ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்த அதிர்வலைக் கருவியால்தான் 1980-இல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லைக் கத்தி படாமல் உடைத்தார்கள். ஒரு விமானக் கம்பெனி கல்லை உடைக்க வழி கண்டது. பஸ் கம்பெனி அதை விளைவிக்கிறது. போக்குவரத்துத் துறைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருக்கமானது என்று யார் நினைத்தார்கள்?

தங்களிடம் விமானம் கேட்கவில்லை. சுங்கச்சாவடிகளில் கழிப்பறை இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். எங்கெங்கே நிற்கும் என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள், அதைப் பார்த்து நாங்கள் தண்ணீர் குடித்துக்கொள்கிறோம். மோட்டல்காரரிடம் ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போடச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் நான் வாங்கித் தருகிறேன். ஓட்டுநரின் விளக்கக் கடிதத்துக்குப் பதிலாக இதைக் கோப்பில் வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கீழ்ப் படுக்கை கேட்டும் கிடைக்காத பயணி

இணைப்பு:
1. மருத்துவச் சீட்டு, நகல்.
2. ஸ்கேன் அறிக்கை, நகல்.
3. கல்: இன்னும் இறங்கவில்லை. வடிகட்டிப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அறிக்கை வந்ததும் தங்கள் பங்குக்குரிய நகல் பதிவுத் தபாலில் வரும்.