அஞ்சாளைக்குப் பொருத்தம் பார்த்தல்: திருக்கோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வின் தேவை

என் தங்கச்சியின் மகன் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்வித்து, கடல்தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஓர் அஞ்சாளைக் குட்டியை விட்டுவிட்டு, "மாமா, இதோட வேற என்ன மீன் விடலாம்?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் நான் ஓர் ஆய்வரங்கில் இரண்டரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒருவர் தமது தலைப்பிலுள்ள சொற்களை விளக்கி முடிப்பதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அந்தத் தொற்று என்னிடமும் இருந்தது. ஆகவே மருமகனைத் திண்ணையில் இருத்தி, "இந்தத் துறையில் இதுவரை யாரும் கைவைக்கவில்லை" என்று தொடங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அஞ்சாளை விடயத்தில் யாரும் கைவைக்காததற்கு வேறு காரணம் இருக்கிறது.

ஆய்வு எல்லை

நான்கு பக்கமும் கண்ணாடி.

ஆய்வுக் களம்

திருக்கோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. இப்படி எழுதாமல் இந்த ஊரைப் பற்றி யாரும் கட்டுரை தொடங்குவதில்லை என்பதால் நானும் எழுதிவிட்டேன். துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை வந்து விழும் இடம். மாரியில் ஆறு பெருகினால் குடாவின் உப்பு குறையும். நல்ல கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். மழை விட்ட மறுநாள் வாளியோடு குடாப் பக்கம் போகிறவன் உப்புக்கரிக்கும் ஆற்றுநீரைத்தான் சுமந்து வருவான். வந்தவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் குடாவுக்குப் பழையது. 1660இல் இங்கே கரையிறங்கிய ரொபர்ட் நொக்ஸ் கண்டியரசனிடம் பிடிபட்டு, தப்பிப் போக 1679 ஆனது. அரசன் இந்த வித்தையை அஞ்சாளையிடம் கற்றானா, அஞ்சாளை அரசனிடம் கற்றதா என்பது தனி ஆய்வுக்குரியது.

1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியில் சுழியோடியபோது, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கடலுக்குள் கிடப்பதைக் கண்டார்கள். தூண்களை அளந்தார்கள், படம் எடுத்தார்கள், எழுதினார்கள். அந்தத் தூண் இடுக்குகளில் வாடகையில்லாமல் குடியிருப்பவர்களைப் பேட்டி கண்டவர் எவருமில்லை. வரலாறு எப்போதும் கட்டடத்தின் பக்கமே நிற்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் கரையில் கடல் படுத்திருக்கும். அப்போதுதான் அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் இறங்குவார்கள். பிடிபட்ட மீன் ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பையில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறும். திருமலை மீனுக்கு விசா கிடைக்கும் வேகத்தில் திருமலைப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததில்லை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு மட்டும் விலக்கு. 2003 முதல் தேசிய பூங்கா. ஒரு முருகைக்கல்லைக்கூட எடுத்துவர முடியாது.

பெயராய்வு

பொருளுக்குள் இறங்குமுன் பெயருக்குள் இறங்குவது தமிழாய்வு மரபு. பலர் திரும்பி வந்ததில்லை.

அஞ்சாளை என்பதற்கு மூன்று கட்சிகள் உண்டு. ஐவர் கட்சியின் பிரிப்பு: அஞ்சு, ஆள், ஐ. வளைக்குள் வாலைச் செருகிக்கொண்ட அஞ்சாளையை வெளியே இழுக்க அஞ்சு ஆள் வேண்டும் என்பதால் இப்பெயர் (மீன்வாடி வாய்மொழி, விடியற்காலை, விலை படியுமுன்). இரண்டு ஆள் போதும் என்ற பாடபேதமும் கிடைக்கிறது (அதே வாய், விலை படிந்த பின்). அஞ்சாக் கட்சியோ 'அஞ்சாத ஆள்' என்று பொருள்கொள்ளும். பகல் முழுக்கக் கல்லிடுக்கை விட்டு வராத பிராணி எப்படி அஞ்சாததாகும் என்று கேட்டதற்குக் கிடைத்த விடை: "உது பயம் இல்லைத் தம்பி, மதிக்கேல்லை" (வேலிக்கு மேலாக நேர்காணல், அயல்வீட்டு அன்ரி, மீன் அரிந்த கையோடு, இடையில் பூனையை அதட்டியதால் மூலத்தில் ஒரு வாக்கியம் சிதைந்துள்ளது).

மூன்றாவது, லகரக் கட்சி. இது தமிழ்நாட்டுக் கரையில் பலமானது. 'அஞ்சாலை' என்றே எழுதவேண்டும் என்பார்கள். அம் கூட்டல் சாலை, அழகிய மண்டபம். அதாவது அது குடியிருக்கும் பொந்து. ஒரு பிராணியை அதன் வீட்டின் பெயரால் அழைப்பது இடவாகுபெயர் என்று புணர்ச்சி விதியோடு நிறுவுகிறார்கள். விதி சரியாகத்தான் இருக்கிறது. மண்டபத்தை எட்டிப் பார்த்தவர் யாரும் அதை 'அம்' என்று சொன்னதாகத்தான் பதிவில்லை (சுழியோடி ஒருவரின் இடதுகைச் சுட்டுவிரல் தழும்பு, மேற்பகுதி, முதல் இரண்டு வரிகள்). இக்கட்சியில் ஒரு தீவிரப் பிரிவும் உண்டு. அவர்களுக்கு அஞ்சாளை கடல்கொண்ட குமரிக்கண்டத்தின் எஞ்சிய குடிமகன். சான்று கேட்டால், "கடலுக்குள்தானே இருக்கிறது?" என்பார்கள்.

ளகரமா லகரமா என்ற இந்த வழக்கை நானே தீர்த்துவைத்திருப்பேன். ஆனால் என் ஊருக்கு நடுவில் ஒரு 'க்' வருமா வராதா என்பதையே எங்கள் பெயர்ப்பலகைகள் இன்னும் முடிவுசெய்யவில்லை. திருகோணமலையில் பஸ் ஏறித் திருக்கோணமலையில் இறங்குகிறவர்கள் நாங்கள்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் பழமொழி விலாங்கைப் பற்றியது. விலாங்கு ஆற்றோடும் குளத்தோடும் சேர்ந்த ஆள். அஞ்சாளை யாருக்கும் வாலைக் காட்டுவதில்லை.

மருமகனின் அஞ்சாளை வெள்ளை உடம்பில் கறுப்புப் பூவும் மஞ்சள் புள்ளியும் போட்ட இனம். விஞ்ஞானப் பெயர் எகிட்னா நெபுலோசா. எகிட்னா என்பது கிரேக்கப் புராணத்தில் பாதி பெண்ணும் பாதி பாம்புமான ஓர் அரக்கி. ஆக, குறிப்பு எழுதுமுன்பே விஞ்ஞானிகள் இதன் குலத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

பொருத்தங்கள்

ஒரே தொட்டிக்குள் இரண்டு உயிர் ஒத்துவாழுமா என்று பார்க்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு சாத்திரம் இருக்கிறது. என் அம்மா அதில் கரைகண்டவர்; ஊரில் பாதிக் கலியாணத்தைத் திண்ணையில் இருந்தபடியே தட்டிக் கழித்தவர். பஞ்சாங்கத்தோடு வந்து கண்ணாடியை ஒருதரம் பார்த்தார். "உது பிடிச்ச நாள் என்ன நட்சத்திரம்?" கணக்குப் பார்த்ததில் ரோகிணி என்று வந்தது.

ரோகிணி என்றால் மனித கணம். அம்மா மீண்டும் ஒருதரம் தொட்டியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ராசி இடபம். ஒரு மீனுக்கு மீனராசி இல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தினப்பொருத்தம் பார்க்கத் தேவையில்லை. இது இரவில் உலாவும் சாதி.

ஸ்திரீ தீர்க்கம்: தீர்க்கம் என்றால் நீளம் என்றே இவ்வாய்வு கொள்கிறது. இந்த இன அஞ்சாளை ஒரு மீற்றர் வரை வளரும்; தொட்டியின் நீளம் தொண்ணூறு சென்ரிமீற்றர். 191 லீற்றர் கொள்ளும் தொட்டியில் கல்லும் மணலும் போட்டால் நூற்றைம்பதுக்கு மேல் தண்ணீர் தேறாது. தேன்கூட்டுக் கோலம் போட்ட பெரிய அஞ்சாளையைத் தேர்ந்திருந்தால் அது மூன்று மீற்றர் வரை போகும். அப்போது தொட்டிக்குள் மருமகனும் வீட்டுக்குள் அஞ்சாளையும் இருக்கவேண்டி வரும்.

யோனிப் பொருத்தத்தில்தான் சாத்திரம் தடுமாறியது. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் பதினான்கு விலங்கு: குதிரை, யானை, ஆடு, பாம்பு, நாய், பூனை, எலி, பசு, எருமை, புலி, மான், குரங்கு, கீரி, சிங்கம். கடல் சூழ்ந்த நாட்டில் பார்க்கும் சாத்திரத்தில் ஒரு மீன் கிடையாது. கடற்கரைக்காரன் ஒருவனும் அந்தக் குழுவில் இருக்கவில்லை போலும். ரோகிணிக்கு யோனி பாம்பு. பாம்புக்குப் பகை கீரி. "அப்ப கீரியைச் சேர்க்கப்படாது" என்றார் அம்மா. எங்கள் சந்தையில் கீரி என்றால் சூடை வகைச் சின்ன மீன். மருமகன் அஞ்சாளைக்கு வாங்கி வரும் தீனியே அதுதான். இடுக்கியில் நீட்டியதும் ஒரு விழுங்கு. கரையில் கீரி பாம்பைத் தின்னும், கடலில் பாம்பு கீரியைத் தின்னும். யோனி சாத்திரம் அலைக்கரையோடு நின்றுவிடுகிறது என்ற என் கண்டுபிடிப்பை இத்தால் பதிவு செய்கிறேன்.

அடுத்த சிக்கல், யார் மாப்பிள்ளை, யார் பெண்பிள்ளை என்பது. கோமாளி மீன் கூட்டத்தில் ஆகப் பெரியது பெண். அது செத்தால் அதன் புருசன் பெண்ணாகிவிடும். மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் துப்புரவு மீனில் நேர்மாறு: ஆண் செத்தால் மனைவிமாரில் பெரியவள் ஆணாகிவிடுவாள். "அப்ப சீதனம் ஆர் ஆருக்குக் குடுக்கிறது?" என்று அம்மா கேட்டார். இதுவரை வெளிவந்த எந்தக் கடலியல் நூலும் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை.

வசியம்: மேற்படி துப்புரவு மீன் அஞ்சாளையின் வாய்க்குள்ளேயே போய்ப் பல்லுக் குத்திவிட்டு வரும். ஆனால் தொட்டியில் ஒட்டுண்ணி தீர்ந்துபோனால் அது பட்டினி கிடக்கும். காதல் கலியாணங்களில் காணும் கதைதான்.

இரச்சு: ரோகிணிக்குக் கண்ட இரச்சு. கண்டம் என்றால் கழுத்து. இங்கே சாத்திரம் என்னைத் திகைக்க வைத்தது. கலிபோர்னியாவில் ரீற்றா மேத்தாவும் பீற்றர் வெயின்ரைட்டும் 2007இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள்: அஞ்சாளையின் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று இருக்கிறது. முன்வாய் கவ்வியதும் தொண்டைத் தாடை முன்னே பாய்ந்து, பல்லால் பற்றி, இரையை உள்ளே இழுக்கிறது. இதற்கு முந்திய ஆண்டு ரெடுவான் ப்ஷாரி குழுவினர் எழுதியது இன்னொன்று: செங்கடலில் கலவாய் மீன் பெரிய அஞ்சாளையின் பொந்துக்கு முன் நின்று தலையை ஆட்டிக் கூப்பிடும், இரண்டும் சேர்ந்து வேட்டைக்குப் போகும். இந்தக் கட்டுரையில் நம்பவே முடியாத மேற்கோள்கள் இவை இரண்டும்தான், புனைவில்லாதவையும் இவைதான். ஒரு பேராசிரியரிடம் சொன்னேன். மூலத்தைத் தாமும் வாசிக்கவில்லை, ஆனால் இரண்டு கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருப்பதாகச் சொன்னார். கருத்து வேறுபாடின்றிப் பிரிந்தோம்.

கலவாயைத் தொட்டிக்குள் விடலாமா என்று மருமகன் கேட்டான். பேச்சுக்கால் நல்லதுதான். பிள்ளை வளர்ந்தால் தொட்டியே போதாது. கிளாத்தி? அது வாலைக் கடிக்கும். இறால், நண்டு? மொட்டைப் பல் கொண்ட இந்த அஞ்சாளைக்கு ஓடு உடைத்துத் தின்பதுதான் பிறவித் தொழில். நண்டுக்கு மாலை போட்டு அனுப்பவேண்டியதுதான்.

மகேந்திரம், வேதை: நேரமில்லை.

களப்பணி

கோட்பாட்டைச் சோதிக்க, விரல்நீள நீல மீன் இரண்டைத் தொட்டியில் விட்டோம். காலையில் இல்லை. சாட்சிகள் கிடைக்கவில்லை. அஞ்சாளை கல்லிடுக்கில் இருந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது சீறுகிறது என்றான் மருமகன். இல்லை, அது மூச்சு விடும் முறையே அப்படி. ஆனாலும் அன்றைக்கு அது ஏதோ விளக்கம் சொல்ல வருவது போலத்தான் இருந்தது.

பத்து நாள் ஆய்வுக்குப் பின் மீன்வாடிக்குப் போய், பத்துப் பொருத்தத்தையும் இரண்டாம் தாடையையும் ஒரு பெரியவருக்கு விளங்கப்படுத்தினேன். வலையில் இருந்து கையை எடுக்காமல் கேட்டார். "வாய்க்குள்ள அடங்காத மீனாப் பாத்துப் போடுங்கோ. ஓராக் குஞ்சு போடுங்கோ. அதுக்கு முள்ளு இருக்கு." ஓரா முள்ளுக் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்று இந்தக் கரையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மதிப்பீட்டாளர் கவனத்துக்கு: பெரியவரின் கூற்று ஆதாரம் காட்டப்படாதது, முறையியல் அற்றது, பதினொரு சொல் மட்டுமே கொண்டது. ஆகவே ஏற்கத்தக்கதல்ல. ஓராக் குஞ்சு இப்போது தொட்டியில் சுகமாக இருக்கிறது.

அன்றிரவே அஞ்சாளை வெளியேறியது. வடிகட்டிக் குழாய்க்காக மூடியில் விட்ட ஓட்டை அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. செருப்புத் தட்டுக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தது அயல்வீட்டுப் பூனை. முன்னால் உட்கார்ந்திருந்தது, தொடவில்லை. பூனைக்கும் பாம்புக்கும் சாத்திரத்தில் பகை இல்லைதானே. உடம்பில் இன்னும் வழுவழுப்பு இருந்தது. ஈரச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போட்டோம். ஒருமுறை உடம்பைச் சுருக்குப் போட்டு அவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலக் கல்லுக்குள் போனது. ஓரா ஒதுங்கி வழிவிட்டது.

மூடியின் ஓட்டையில் துணியை அடைத்து, மேலே பலகை வைத்தான் மருமகன். பலகைக்குப் பாரம் வேண்டும். குசினிக்குள் போய், அம்மியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

கட்டிலில் இருந்தபடி அம்மா பார்த்தார். "அம்மியும் வந்திட்டுது. இனி அருந்ததியைக் காட்டிவிட்டுப் படுங்கோ."