சேட்டிபிக்கட் அண்ணாவியார்

வா மனே, இப்பிடித் திண்ணையில இரி. மூணு நாள் பயிற்சிக்குப் போய் வந்தியாமே! கழுத்தில அட்டை, கையில சேட்டிபிக்கட். "சமூக அடிப்படையிலான நிலைபேறான பண்பாட்டுச் சுற்றுலா" எண்டு எழுதிக் கிடக்குது. நான் ஒரு வாய் வெத்திலை போட்டு முடிச்சுத்தான் அதை வாசிச்சு முடிச்சன். கெட்டிக்காரன். மாசக்கணக்காக் கூத்துப் பழகின எங்களுக்கு ஒரு கடதாசித் துண்டும் கிடைக்கல்ல. கிடைச்சதெல்லாம் கூத்துப் பழக்கின அண்ணாவியாரிட ஏச்சுத்தான்.

மறுகா என்ன சொன்னாய்? பாசிக்குடா ஹோட்டல்ல பதினைஞ்சு நிமிஷ வடமோடிக் கூத்தா? அருச்சுனன்ட வரவுக்கே அது காணாதே கா! அவன் தான் ஆரெண்டு பாடி, கூத்தாடுற களரியைச் சுத்தி ஆடி முடிக்கக்குள்ள வெள்ளைக்காரன்ட ஐஸ்கிறீம் முடிஞ்சிரும். போரே நடக்காமக் குருசேத்திரம் முடிஞ்சுதெண்டு நீ மைக்கில அறிவிச்சிருவாய்போல.

சுருக்கவே கூடாதெண்டு நான் சொல்லல்ல. விடிய விடிய ஆடுற கூத்தை 1960களில் பேராதனையில பேராசிரியர் வித்தியானந்தன் சுருக்கித்தானே மேடை ஏத்தினார்? கர்ணன் போர் அப்பிடி வந்ததுதான், இராவணேசனும் அந்த வழியில வந்ததுதான். ஆனா முதல்ல வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். எங்கட மௌனகுரு இராவணனா ஆடினது அந்தப் பழக்கத்தில. கத்தரிக்கோல் பிடிச்சவருக்குத் துணி தெரிஞ்சிருந்தது.

உங்களுக்குப் பவர்பொயின்ற் காட்டினாங்களாம். எங்கட பயிற்சி சட்டம் கொடுக்கிறதில துவங்கும். ஊர் கூடி இருந்து, ஆருக்கு என்ன வேசமெண்டு முடிவெடுத்துக் கொப்பியைக் கையில குடுப்பாங்க. தருமராசா கேட்டவனுக்குச் சகுனி விழும். ஒரு கிழமைக்கு அவன் வீட்டில ஆரோடையும் கதைக்க மாட்டான். மறுகா தாளக்கட்டு, ஆட்டம், சதங்கை அணிவிழா, அரங்கேற்றம். அதுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆடுறது. ஆடுறவன்ட இடுப்பில வளையம் கட்டின கரப்புடுப்பு, தலையில கிரீடம். ஒருக்கா உடுத்திப் பார் மனே. சேட்டிபிக்கட்டை எங்க செருகிறாயெண்டு பாப்பம்.

சீலாமுனையில ஜெயசங்கர் ஆக்கள் கூத்தை மீளுருவாக்கம் செய்யக்குள்ளயும் களரியிலதான் இருந்தாங்க. பொம்பளையளையும் சாதியையும் பத்திப் பழைய கொப்பியில கிடக்கிற கதை இந்தக் காலத்துக்குச் சரியோ எண்டு அண்ணாவியார், ஆடுறவங்க, ஊராக்கள் எல்லாரும் வாதாடித்தான் மாத்தினாங்க. ஊரே வாதாடினா அது பயிற்சி. தேத்தண்ணி இடைவேளை வச்சு நடத்தினா அது கூட்டம்.

அடுத்தது எங்கட மட்டக்களப்பு வாவியில பாடுமீன். கல்லடிப் பாலத்தடிக்கு எஞ்சின் போட்டில ஆக்களை ஏத்திக்கொண்டு போய்ப் பாட்டுக் கேக்க வைக்கப்போறியாம். மீன் பாடுமோ, உன்ட எஞ்சின் பாடுமோ? 1848 செப்டம்பர்ல எமர்சன் தெனென்ற் எண்ட பெரிய துரை இந்த வாவிக்கு வந்து, தோணிப் பலகையில காதை வச்சும் கேட்டார். துரைமாரே குனிஞ்ச இடம் இது. பாடுறது மீனில்ல, ஊரி எண்ட சங்குதான் எண்டு அண்டைக்கே எங்கட மீன்பிடிகாரர் அவருக்குச் சொல்லிப்போட்டாங்க. பறுவ நிலவில தோணியை ஓட்டாம நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணியில விட்டு, மறு நுனியில காதை வை. கேட்டாக் கேக்கும், கேக்காட்டி விடு. காசு குடுத்தவனுக்காக வாவி பாடாது. அதையும் உன்ட விளம்பரத்தில போடு, நம்பி வருவாங்க.

வெள்ளைக்காரன் வரட்டும் மனே, நான் மறிக்கல்ல. ஹோட்டலுக்குக் கூத்தைத் தூக்கிப் போகாத, அவனைக் களரிக்குக் கூட்டி வா. பாயில இருந்து பாக்கட்டும், நித்திரை வந்தாப் படுக்கட்டும். எங்கட ஆக்களும் அப்பிடித்தானே? வாற காசில முதல் பங்கு அண்ணாவியாருக்கும் மத்தளக்காரனுக்கும். மிஞ்சினா உனக்கு.

அடுத்த சட்டம் கொடுக்கிற அண்டைக்குக் கட்டாயம் வா. அறிவிக்கிறதில உனக்கு ஆசைதானே, கட்டியகாரன் வேசம் உனக்கெண்டு அண்ணாவியாரிட்டச் சொல்லி வச்சிருக்கன். அது பிடிக்கல்லையெண்டாச் சொல்லு, சகுனியும் இன்னும் ஆருக்கும் விழல்ல.