ஞாயிறன்று பாட்டில் போடாதே

ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகும் மாணவருக்கு முதல் பாடம் குப்பைத் தொட்டியருகேதான் நடக்கும். காகிதத்துக்கு ஒன்று, காய்கறித் தோலுக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் பை. தயிர் டப்பாவின் அலுமினிய மூடியை முழுசாகப் பிய்த்துப் போட வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா செய்து காட்டுகிற பயபக்தியை எந்த ஆய்வகத்திலும் பார்க்க முடியாது. கண்ணாடி பாட்டிலை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துத் தெருமுனைத் தொட்டியில் போடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடாது, சத்தம் கேட்குமாம். மாதா கோயில் மணிக்கு விலக்கு உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் 25 சென்ட் முன்பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது; காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வரும். மாதக் கடைசியில் மாணவர்கள் அறையை ஒழிப்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. அடுத்த பாடம் ராத்திரிச் சாப்பாடு. ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய். சூடாக ஏதாவது கிடைக்குமா என்று கேட்டால், தேநீர் வரும்.