வெள்ளிப் பழக்கத்தியும் தாம்பரம் கொய்யாவும்: ஒரு விசாரணை

விக்டோரியா காலத்துக் கனவான்கள் சட்டைப்பையில் ஒரு வெள்ளிப் பழக்கத்தியை மடித்து வைத்திருப்பார்கள். அதே மகாராணியின் குடிகளாக இருந்த தாம்பரத்தார் ஏன் அதைச் சீந்தவில்லை? அறிஞர் உலகம் இக்கேள்வியை எழுப்பாதது பெருங்குறை. காசில்லை என்பது சோம்பேறியின் விடை. காரணம் வேதியியலில் இருக்கிறது.

அக்கால எஃகில் பழப்புளிப்பு பட்டால் அலகு கறுக்கும், ஆப்பிளில் இரும்பு வாடை ஏறும். வெள்ளி புளிப்புக்கு மசியாது. அதனால் ஷெஃபீல்டில் ஜான் யோமன்ஸ் கவ்லிஷா போன்றோர் வெள்ளி அலகும் முத்துச்சிப்பிப் பிடியுமாகச் செய்து தள்ளினார்கள். 92.5 சதவீத வெள்ளி என்பதற்குச் சாட்சியாக நடக்கும் சிங்கம், ஊருக்குக் கிரீடம், ஆண்டுக்கு ஓர் எழுத்து, செய்தவர் பெயரின் முதலெழுத்துகள்: சுண்டுவிரல் நீளச் சாமானுக்கு நம் ரேஷன் கார்டைவிட அதிக முத்திரை! 1913இல் அதே ஊரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியதும் வெள்ளி அலகுக்கு வேலை போயிற்று.

இனி களத்துக்கு வருவோம். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டிக்காரர் எவர்சில்வர் கத்தியால் கொய்யாவை நாலாகக் கீறி, உள்ளே உப்பும் மிளகாய்த்தூளும் அப்பித் தருகிறார். மாங்காய்க்கும் அதே மரியாதைதான். இந்த உப்புதான் குற்றவாளி. அதிலுள்ள குளோரைடு வெள்ளியை அரிக்கும். வெள்ளைக்காரர் தம் வெள்ளி உப்புக் கிண்ணங்களின் உட்புறத்தில் தங்கமுலாம் பூசியது அதனால்தான். புளிப்பை வென்ற கத்தி, நம்மூர் உப்பிடம் மண்ணைக் கவ்வும். உப்பில்லாமல் தின்னலாமே என்று வாதிடுவோர், அப்படி ஓர் ஆளைக் குரோம்பேட்டைக்குத் தெற்கே காட்டட்டும்.

புளிப்பு, உப்பு இரண்டையும் தாங்கும் கருவி இங்கே முன்பே இருந்தது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவியைச் சொல்கிறேன். முத்திரை கிடையாது, மடிக்கவும் வராது. மற்றபடி ஷெஃபீல்டால் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கறுத்துப்போன மடக்குக்கத்தி ஏதும் கண்ணில் பட்டால் சிங்கமும் கிரீடமும் தேடுங்கள். மகாராணி தலையும் பொறித்திருந்தால் அது 1890ஐத் தாண்டாது. பழைய வெள்ளி என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கொய்யா நறுக்குங்கள், உப்பை மட்டும் தட்டில் தனியாக வைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள்.