ராயலும் வேணாம், சத்ரபதியும் வேணாம்

ஏம்ப்பா தம்பி, மரச்செக்கு போட்டு மல்லாட்ட எண்ணெ விக்கப் போறியாமே. நல்ல சேதி. அவலூர்பேட்ட பக்கம் மல்லாட்டைக்கா பஞ்சம்? செக்கு வாங்கியாச்சி, கட புடிச்சாச்சி. பேருதான் அமையலன்னு மாசக்கணக்கா நியூமராலஜிக்காரன் வாசல்ல நிக்கிறியாம். நீ எண்ணெ ஆட்டறதுக்கு முன்னாடி அவன் உன்ன ஆட்டி எடுத்துட்டான் பாரு.

இன்னா எழுதிக் குடுத்தான்? ‘ராயல் நேச்சுரா கோல்டு பிரஸ்டு எசென்ஸ் அண்ட் கோ.’ கூட்டுத்தொக சரியா வரணும்னு நேச்சுராவுல ரெண்டு ‘ஏ’ கூடுதலா வேற. நல்லாத்தான் கீது. எங்கூட்டுக் கெழவி வாயில நொழையுமா? தூக்கு எடுத்துக்கினு வர்றவ அத சொல்லி முடிக்கறதுக்குள்ள இன்னொரு படி எண்ணெ எறங்கிடும்.

மச்சானோட கூட்டு சேந்து பண்றன்னு சொன்ன. கூட்டு யாவாரத்துக்கு 1932ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் உசுரோடதான் கீது. அதுல 58ஆம் பிரிவ யாரனா படிச்சி சொல்லச் சொல்லு. கிரவுன், எம்பரர், கிங், குயின், ராயல், இந்த மாதிரி வார்த்தைங்க கூட்டு நிறுவனப் பேருல வரக்கூடாது. மாநில அரசு எழுத்துல சம்மதம் குடுத்தாத்தான் ஆச்சி. ராஜா போயி, ராணி போயி, வெள்ளைக்காரனும் கப்பலேறிப் போயி எத்தினி வருசம் ஆச்சி? கிரீடத்துக்கு மட்டும் காவக்காரன் இன்னும் நிக்கிறான். ஊரு பூரா ராயல்னு போர்டு கீதே தாத்தான்னு கேப்ப. தனியாளு கடைய இந்தப் பிரிவு ஒண்ணும் பண்ணாது. கூட்டுன்னு பதிவுக்குப் போனாதான் நெலவாசப்படி மண்டையில இடிக்கும்.

சரி, ஊரு பெருமைய வெக்கிறேன்னு அடுத்தத தூக்கிக்கினு வர. 2025 ஜூலையில செஞ்சிக் கோட்டைய யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாலும் சேத்தாங்க, டீக்கட கூட ‘ஹெரிடேஜ்’ ஆவணும்னு பாக்குது. மராட்டியர் கோட்டைங்க பன்னெண்டுல நம்மளுது ஒண்ணு, மத்தது பூரா மகாராஷ்டிராவுல. அதுக்கோசரம் ‘சத்ரபதி சிவாஜி செக்கு எண்ணெ’யா? 1677ல அவரு செஞ்சிய புடிச்சது வாஸ்தவம். ஆனா 1950ல வந்த சின்னங்கள், பெயர்கள் சட்டத்துல ஒரு பட்டியல் கீது. காந்தி, நேரு பேரோட அவரு பேரும் அதுல சேந்துது. மத்திய அரசக் கேக்காம அத எடுத்து யாவாரத்துக்கு வெக்க முடியாது. நம்ம செஞ்சி ராஜா தேசிங்கு அந்தப் பட்டியல்ல இல்ல. 1714ல சண்டையில செத்த புள்ள, பாவம், கேக்க நாதியில்ல. அதனால அந்தப் பேருக்குப் பங்காளிங்க நெறய.

சாமி பேரு? சித்தகிரி முருகன்னு வையி, மேல்மலையனூரு அங்காளம்மன்னு வையி, யாரும் கைய புடிக்க மாட்டாங்க. நீயும் அடுத்தவன் கைய புடிக்க முடியாது. ஒருத்தரு அகர்பத்திக்கு ராமாயணம்னு பேரு வெச்சி எனக்கு மட்டுந்தான்னு கேட்டப்ப, புனித நூலு பேரு தனியாளு சொத்தாவாதுன்னு 2015ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டுது.

அப்ப எத வெச்சித்தான் சோதிக்கறது? அதுக்கும் அதே கோர்ட்டு 1962லயே வழி சொல்லிக்கீது. ‘அமிர்ததாரா’ன்னு ஒரு மருந்து, பல வருசமா வித்துக்கினு இருந்தது. இன்னொருத்தரு ‘லட்சுமண்தாரா’ன்னு கொண்டாந்தாரு. அமிர்தம் வேற, லட்சுமணன் வேற ஆச்சேன்னு அவரு கட்சி. ஜட்ஜுங்க இன்னா பாத்தாங்க தெரியுமா? ரெண்டு பாட்டிலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சி எவன் வாங்கறான்? சாதாரண புத்தி, அரகொற ஞாபகம், அப்படியாப்பட்ட ஒரு ஆளு கடையில நின்னு கேட்டா ரெண்டும் ஒண்ணுன்னு ஏமாந்துடுவான்னாங்க. அந்த ஆளு யாரு? நாந்தான்டா! நாட்டுல பெரிய கோர்ட்டே என்ன மாதிரி ஆள அளவுகோலா வெச்சிருக்குது, நீ ஜாதகக் கட்டத்த வெச்சிக்கினு நிக்கிற. உன் பேர சொல்லி என்ன சந்தைக்கி அனுப்பிப் பாரு. நான் வழிதவறி எவன் கடையில போயி நிக்கிறனோ, அவந்தான் நாளைக்கி உனக்கு வக்கீல் நோட்டீசு அனுப்பறவன். ரெண்டு ‘ஏ’ கூடப் போட்டா தப்பிச்சிக்குவியா? காதுக்கு ஏது எழுத்துக் கணக்கு?

ஜிஎஸ்டி வாங்கிட்டன், உத்யம் வாங்கிட்டன், பேரு எனக்குத்தான்னு மார்தட்டற. அது வரி கட்டறதுக்கு ஒரு நம்பரு, சின்னத் தொழிலுன்னு ஒரு சீட்டு. பேருக்குப் பட்டா அது இல்ல. பட்டாவுக்கு டிரேட்மார்க் பதிவுன்னு தனி வாசல், நமக்கு கிண்டியில கீது ஆபீசு. உள்ள போறதுக்கு முன்னாடி அவங்க இணையதளத்துல தேடிப் பாக்கலாம், காசே இல்ல. சரக்கு, சேவை எல்லாத்தயும் சேத்து 45 வகுப்பா பிரிச்சி வெச்சிக்கிறாங்க. சமையல் எண்ணெ 29ல வரும். நாளைக்கி இட்லிப்பொடியும் போடுவியா? அது 30. தேடறப்ப எழுத்த மாத்தி மாத்திப் போட்டுப் பாரு, காதுக்கு ஒத்து வர்றதெல்லாம் பாரு. தனியாளு இணையம் வழியா போட்டா வகுப்புக்கு 4,500 ரூவா. நியூமராலஜிக்காரனுக்கு எவ்ளோ அழுத? நான் கேக்கல. அவங்க டிரேட்மார்க் பத்திரிகையில போட்டு நாலு மாசம் எவனாச்சும் ஆட்சேபிக்கிறானான்னு பாப்பாங்க. கெடச்சா பத்து வருசம், அப்பறம் புதுப்பிச்சிக்கலாம். வெறுமனே ‘அவலூர்பேட்டை மல்லாட்ட எண்ணெ’ன்னு மட்டும் போட்டா, ஊரும் பொது, மல்லாட்டையும் பொது, எங்கேந்து வேலி போடுவ?

திண்டுக்கல்ல 1957ல நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ்னுதான் பிரியாணிக் கட போட்டாரு. சனம் அவரு தலையில கட்டின தலப்பாவப் பாத்துச்சி. போர்டுல எழுதுனத வுட்டுட்டு தலப்பாக்கட்டுன்னு கூப்புட்டுச்சி. திருநெல்வேலி இருட்டுக்கட அல்வாவும் அப்படி சனம் வெச்ச பேருதான். எந்தக் கட்டத்துல பாத்து வெச்சாங்க? வேடிக்க அதோட முடியல. பின்னால அந்தத் தலப்பாவுக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டு வரைக்கும் இழுபறி ஆச்சி. சனம் ஒரு பேர சொல்லிக் கூப்புட ஆரம்பிச்சா, பக்கத்துக் கடக்காரன் காதுல அது வுழறதுக்கு முன்னாடி ஓடிப்போயி எழுதிக்க.

பேருக்குப் பக்கத்துல வட்டத்துக்குள்ள ‘ஆர்’ போட்டா ஸ்டைலா கீதுன்னு பெயிண்டர் சொல்லுவான். பதிவாவறதுக்கு முன்னாடி போட்டா மூணு வருசம் வரைக்கும் உள்ள தள்ள முன்னெல்லாம் சட்டத்துல எடம் இருந்துது, இப்ப ஜெயிலுக்குப் பதிலா அபராதம். ஸ்டைலா அபராதம் கட்டுவியா? போர்டுல தமிழு பெருசா இருக்கணும்: தமிழுக்கு அஞ்சு பங்கு, இங்கிலீசுக்கு மூணு, வேற பாஷ போட்டா அதுக்கு ரெண்டு. எழுத்துக்கு இவ்ளோன்னு பெயிண்டர் காசு கேப்பான். உன் நேச்சுராவுல கூடச் சேத்த அந்த ரெண்டு ‘ஏ’வுக்கும் சேத்துத்தான் கேப்பான், இப்பவே சொல்லிட்டன்.